மூன்றாவது அல்பமும் வெள்ளை கட்டிய வீடும்

எங்கள் மூன்றாவது அல்பத்தின் கடைசிப் பாட்டில் அழுகிற பெண் யார் என்று கேட்காத ஆள் இல்லை. பழைய நாடகத்திலிருந்து வெட்டி எடுத்ததா, சொல்லிக்கொடுத்து அழவைத்ததா, கூலிக்கு மாரடிக்க ஆள் பிடித்தீர்களா என்றெல்லாம் கேட்டுவிட்டார்கள். நான் "பக்கத்து வீட்டு அன்ரி" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வேன். முழுக் கதையையும் சொல்லலாம்தான். ஆனால் அதில் பாதி எனக்கே இன்னும் விளங்கவில்லை. எழுதிப் பார்த்தால் விளங்குமோ என்று ஒரு நப்பாசை.

நாங்கள் மூன்று பேர். நான் பாடுவேன், பேஸ் கிற்றாரும் வாசிப்பேன். மற்ற இருவரில் ஒருவன் கிற்றார்காரன், ஒருவன் ட்ரம்ஸ்காரன். மூவரும் கொழும்பு வெள்ளவத்தை மாடிவீடுகளில் வளர்ந்தவர்கள். முதலாவது அல்பத்தில் சத்தம் மட்டும்தான் இருந்தது, அதைச் சனம் விரும்பியது. இரண்டாவதில் சத்தத்தைக் குறைத்துச் சொல்லைக் கூட்டினோம். அதையும் விரும்பினார்கள், ஆனால் அது வேறு சனம். மூன்றாவதில் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாததை மறைக்க ஒவ்வொரு நாளும் சண்டை பிடித்தோம்.

எப்படியோ மற்றப் பாட்டுகள் எல்லாம் முடிந்துவிட்டன. கடைசிப் பாட்டு மட்டும் மாட்டேன் என்று நின்றது. அது நான் எழுதியது. யாழ்ப்பாணத்துப் பக்கம் புங்குடுதீவில் பூட்டிக் கிடக்கும் அம்மாவின் சீதன வீட்டைப் பற்றியது. ஸ்ரூடியோவில் எத்தனை தரம் பாடினாலும் சுருதி சரியாக இருக்கும், தாளம் சரியாக இருக்கும், பாட்டு மட்டும் செத்துக் கிடக்கும். கிற்றார்காரனுக்குப் பொறுமை போய்விட்டது.

"இந்தப் பாட்டில்லாமல் அல்பம் இல்லை. அல்பம் இல்லாட்டி நாங்களும் இல்லை," என்றான். "நான் கிற்றாரை வித்துப்போட்டு ஒழுங்கா ஒரு வேலைக்குப் போறன்."

அவன் சும்மா வெருட்டுகிறவன் அல்ல. வீட்டில் வேலையும் பார்த்து, பெண்ணும் பார்த்து வைத்திருந்தார்கள். ட்ரம்ஸ்காரன் தலையாட்டினான். கடைசியாகப் பேசியவர் யாரோ அவர் பக்கம் சாய்வதுதான் அவனுடைய வழக்கம். அப்போது எனக்கு வந்த கோபத்தில், அந்த வீட்டுக்கே போய் அந்தப் பாட்டைப் பாடுவோம் என்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகுதான் யோசித்தேன்.

அம்மா ரொறன்ரோவில் தம்பியோடு இருக்கிறார். போனில் கேட்டேன்.

"வீட்டுத் திறப்பு கடைக்கார அண்ணையிட்ட இருக்கு. வாங்கிக்கொண்டு போங்கோ," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பக்கத்து வீட்டோட ஒரு கதையும் வச்சுக்கொள்ளாதை, சொல்லிப்போட்டன்."

அந்தக் கதை எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அன்ரியும் அம்மாவும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். இரண்டு வளவுக்கும் நடுவே உள்ள வேலி ஒரு முறை அடைக்கும்போது ஒரு முழம் எங்கள் பக்கம் வந்துவிட்டது என்பது அம்மாவின் கட்சி. வரவே இல்லை என்பது அவர்களுடைய கட்சி. அன்றோடு கதை பேச்சு அறுந்தது. அவரின் கலியாணத்துக்கு அம்மா போகவில்லை, அம்மாவின் கலியாணத்துக்கு அவர் வரவில்லை. எங்கள் ஆட்களுக்கு நாட்டை விட்டுப் போவது பெரிய விசயமில்லை, வேலியை விட்டுக்கொடுப்பதுதான் ஏலாது.

பாலம் தாண்டிப் போய் இறங்கினோம். மடத்துவெளிப் பக்கம் வீடு. கதவைத் திறந்ததும் அடித்த தூசியில் என் கண் இரண்டும் சிவந்து வீங்கிவிட்டன, எனக்குச் சின்ன வயதிலிருந்தே தூசி ஆகாது. நடு விறாந்தை, அதற்குள்ளே பெரிய ஹோல், உயரமான முகடு. கிற்றார்காரன் ஹோலின் நடுவில் நின்று ஒரு தரம் கைதட்டினான். சத்தம் போய்ச் சுவரில் பட்டு, திரும்பி வந்து, இன்னொரு தரம் போனது.

"இந்த எதிரொலிக்குள்ள ஒண்டும் பிடிக்க ஏலாது," என்றான். "துணி கட்டவேணும். முகட்டிலயும் சுவரிலயும்."

துணிக்கு எங்கே போவது? அம்மாவின் அலுமாரியைத் திறந்தேன். அடுக்கடுக்காக வெள்ளைப் படுக்கை விரிப்புகள், அப்பாவின் வேட்டிகள். கதிரை மேசையெல்லாம் தூக்கி வெளி விறாந்தையில் போட்டோம். ஹோலின் முகடு முழுக்க வெள்ளையாகக் கட்டினோம். சுவர்களிலும் தொங்கவிட்டோம். ட்ரம்ஸ்காரன் ஏணியில் நின்று கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு, நல்ல வடிவாக இருக்கிறது என்று தானே மெச்சிக்கொண்டான். மின்விசிறி போட்டால் மைக்கில் கேட்கும் என்பதால் வாசல் கதவையும் யன்னல்களையும் அகலத் திறந்துவிட்டோம். வழக்கம் போல மூவரும் கறுப்பு ரீசேட்.

பாணும் தேயிலையும் வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணை முதலில் என் கண்ணைப் பார்த்தார். பிறகு தெருவுக்கு வந்து எங்கள் வீட்டுத் திறந்த வாசலை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்காமலேயே சாமானைக் கட்டித் தந்தார்.

"யோசியாதையும் பிள்ளை. எல்லாருக்கும் உள்ளதுதான்," என்றார்.

எனக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. கடைசிப் பாட்டு சரிவராத கதை இவருக்கு எப்படித் தெரியும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை தெருப் படலையில் ஒரு லான்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியோடு வந்து நின்றது. சனசமூக நிலையத்துப் பிளாஸ்ரிக் கதிரைகளை இறக்கி முற்றத்தில் வரிசையாக அடுக்கினார்கள். "நாங்கள் கதிரை கேக்கேல்லையே," என்றேன். இறக்கியவர், "கேக்கவோ வேணும்?" என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் சனம் வரத் தொடங்கியது. ஆண்கள் முற்றத்துக் கதிரைகளில் இருந்தார்கள். பெண்கள் உள்ளே வந்து சுவரோரம் நிலத்தில் இருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. நாங்களும் என்ன செய்வதென்று தெரியாமல் வாசிக்கத் தொடங்கினோம். கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு பெண் என் தோளைத் தடவினார். பிறகு ஒருவர் பின் ஒருவராக எழும்பி, ஒரு சொல் சொல்லாமல், திரும்பியும் பாராமல் போனார்கள்.

"பிடிக்கேல்லையாக்கும்," என்றான் கிற்றார்காரன். முகம் தொங்கிப் போயிற்று.

"பிடிக்காட்டி ஏன் பின்னேரமும் வருகினம்?" என்றேன். உண்மையாகவே பின்னேரமும் வந்தார்கள். சோறும் பருப்பும் கத்தரிக்காயுமாக மூன்று வீடுகளிலிருந்து சாப்பாடும் வந்தது. குசினியில் நான் அடுப்பை மூட்டப் போனேன். ஒரு பெண் ஓடிவந்து என் கையிலிருந்த நெருப்புப் பெட்டியைப் பறித்தார். "நீர் ஏன் பிள்ளை மூட்டுறீர்? நாங்கள் இருக்கிறம்தானே."

ட்ரம்ஸ்காரன் மூன்றாம் தரமும் சோறு போட்டுக்கொண்டு, "எங்கட பாட்டை இண்டைக்குத்தான் சரியான சனம் கேக்குது," என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. கொழும்பில் எங்கள் பாட்டுக்கு ஆடுவார்கள், கூச்சல் போடுவார்கள், படம் எடுப்பார்கள். இப்படி மூச்சுக் காட்டாமல் ஒருவரும் கேட்டதில்லை.

அதற்கடுத்த நாள் பின்னேரம் கடைசிப் பாட்டை எடுத்தோம். மைக் எல்லாம் திறந்திருந்தன. நான் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து பாடிக்கொண்டிருந்தேன். இரண்டாவது அடி முடிகிற இடத்தில் வாசலில் நிழல் விழுந்தது. நரைத்த கொண்டை, வெள்ளைச் சேலை. நான் முன்னே பின்னே நேரில் பார்த்ததில்லை, ஆனால் அம்மாவின் பள்ளிக்கூடப் படத்தில் பார்த்த முகம். பக்கத்து வீட்டு அன்ரி. வேலிக்கு அந்தப் பக்கம்தான் வீடு. இருந்தும் தெருவால் முழுச் சுற்றுச் சுற்றி, முன் படலையால் வந்திருந்தார்.

வந்தவர் முகட்டை அண்ணாந்து பார்த்தார். அப்படியே என் முன்னால் இருந்து, என்னைக் கட்டிப்பிடித்து, என் தோளில் முகத்தை வைத்து ஓவென்று அழுதார்.

"என்ர ராசாத்தி... ஒரு முழ வேலிக்கு வாயை மூடினியே. கடைசி மட்டும் மூடிப்போட்டுப் போயிட்டியே. தள்ளி அடைச்சது நாங்கள்தான்டி. உனக்கு எப்பவோ சொல்லியிருப்பன். ஒருக்கா, ஒரேயொருக்கா, படலையில வந்து நிண்டு என்னைப் பேசியிருக்கலாமே. பேசியிருந்தா சொல்லியிருப்பனே."

கிற்றார்காரன் நிறுத்தவில்லை. நிறுத்தாதே என்று கண்ணால் சைகை காட்டினான். நானும் என்ன செய்கிறேன் என்று தெரியாமலே அவர் முதுகைத் தடவிக்கொண்டு பாட்டின் மிச்சத்தைப் பாடினேன். பாட்டு முடிந்தது. அன்ரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார், எழும்பினார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

கிற்றார்காரன் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினான்.

"இதுதான்," என்றான். "இதுதான் பாட்டு. இனி எடுக்கத் தேவையில்லை."

"அவ ஆரைப் பேசினவ?" என்று கேட்டேன்.

பதில் ரொறன்ரோவிலிருந்து வந்தது. தம்பி போனில் கத்தினான். "அக்கா, அங்க என்ன கோதாரி நடக்குது? விடிஞ்சதிலயிருந்து போன் அடிக்குது. அம்மா எப்ப செத்தவ எண்டு கேக்கினம். எங்கட வீட்டில வெள்ளை கட்டியிருக்கிற படம் ஊர் வட்ஸ்அப்பில சுத்துது!"

நான் முகட்டைப் பார்த்தேன். ட்ரம்ஸ்காரனும் பார்த்தான். கொழும்பில் எங்கள் ஆட்களின் சாவெல்லாம் பிரேதம் வைக்கும் மலர்ச்சாலையிலேயே முடிந்துவிடும். ஊரில் சாவீட்டில்தான் முகட்டுக்கு வெள்ளை கட்டுவார்கள், அடுப்பு மூட்ட மாட்டார்கள், வருகிறவர்கள் போகும்போது சொல்லிக்கொண்டு போக மாட்டார்கள். கலியாணத்துக்கும் வெள்ளை கட்டுவதுண்டு, ஆனால் கலியாண வீட்டில் கண் வீங்கிய பெண்ணும் கறுப்புச் சட்டையும் இருக்காது. வெளிநாட்டில் செத்தவர்களுக்கு ஊர் வீட்டில் காரியம் செய்வதும் இப்போது வழக்கம்தான். எல்லாம் எங்களுக்கு அரைகுறையாகத் தெரிந்ததுதான், எங்கள் தலைக்கு மேலே தொங்கும்போது மட்டும் ஒருவருக்கும் உறைக்கவில்லை. மூன்று மொக்கர்களும் அம்மாவின் விரிப்பாலேயே அம்மாவைச் சாகடித்து, இரண்டு நாள் ஊர்ச்சோறு சாப்பிட்டிருக்கிறோம்.

"கழட்டு," என்றேன். "எல்லாத்தையும் கழட்டு."

"கழட்டலாம். ஆனா அவவிட்ட இப்ப சொல்லாதை," என்றான் கிற்றார்காரன். "சொன்னா அழிக்கச் சொல்லுவா. வேலிக் கதையெல்லாம் அதில இருக்கு. அதை அழிச்சா எங்களிட்ட வேற ஒண்டும் இல்லை. அல்பம் வரட்டும், பிறகு சொல்லுவம்."

"விசர்க்கதை கதையாதை. அந்த மனிசி அங்க இருந்து அழுதுகொண்டிருக்கு."

"நீயும் அழப்போறாய். நாங்கள் மூண்டு பேரும் அழப்போறம்."

ட்ரம்ஸ்காரன் அவன் பக்கம் சாய்ந்தான். நான் கத்தினேன். பிறகு என் பக்கம் சாய்ந்தான். கிற்றார்காரன் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் எனக்கு எரிச்சல். அந்தப் பாட்டுக்கு நான் என்னவெல்லாம் செய்தேன்! கடைசியில் உயிர் வந்தபோது, அது பொய்ச் சாவால் வந்திருக்கிறது. அதை வைத்துக்கொள்வதா, திருப்பிக் கொடுப்பதா என்று தெரியாமலே செருப்பைப் போட்டேன்.

அன்ரி தோய்ந்துவிட்டு, ஈரத் தலையோடு விறாந்தைக் கதிரையில் இருந்தார். சாவீட்டுக்குப் போய் வந்த தோய்ச்சல். படலையில் என்னைக் கண்டதும் எழும்பினார்.

"அன்ரி," என்றேன், "அம்மா உயிரோட இருக்கிறா."

முதலில் விளங்கவில்லை அவருக்கு. திரும்பச் சொன்னேன். பாட்டு, எதிரொலி, விரிப்பு என்று உளறினேன். அவர் முகம் வெளிறிச் சிவந்தது.

"ஆர் உங்களுக்கு வெள்ளை கட்டச் சொன்னது? ஆ? மேளமும் அடிச்சியள். கொழும்புப் பிள்ளையள், இது அங்கத்தைச் சாமேளமாக்கும் எண்டெல்லோ ஊர் நினைச்சது!"

"தெரியாம செய்து போட்டம் அன்ரி."

"தெரியாமலோ! சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி." திட்டிக்கொண்டே போனவர் சட்டென்று நின்றார். குரல் இறங்கியது. "நான் சொன்னது... அந்த வேலிக் கதை... அது உங்கட மெசினில பிடிபட்டதோ?"

"ஓம் அன்ரி."

கதிரையில் இருந்துவிட்டார். நான் அழித்துவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவும் வேண்டும், சொல்லவும் மனமில்லை. அதற்குள் அவர் நிமிர்ந்தார்.

"செத்தவளுக்குச் சொன்னதை, இருக்கிறவளுக்கு இல்லையெண்டு சொல்ல ஏலாது," என்றார். "அவளுக்குப் போட்டுக் காட்டும்."

"அதைப் பாட்டில வைக்கலாமோ அன்ரி?"

"என்னை ஏன் கேக்கிறீர்? செத்தது அவள்தானே. அவளைக் கேளும்." பிறகு தலையைத் துவட்டிக்கொண்டே, "நல்லதுக்குப் போகாட்டியும் கெட்டதுக்குப் போகவேணும் எண்டுதான் வந்தனான். இனி அவள் உண்மையாச் செத்தா நான் வரத் தேவையில்லை. வந்தாச்சு."

அன்றிரவே போனில் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். சாகாமல் செத்ததில் அம்மாவுக்குக் கோபம் இல்லை. ஆயுசு கெட்டி என்று சிரித்தார். அன்ரியின் குரல் வந்ததும் சிரிப்பு நின்றது. முடியும் வரை கேட்டார். வேலி விசயம் இவரை உலுக்கியிருக்கும், இப்போது வெடிப்பார் என்று காத்திருந்தேன்.

"போகேக்க சொல்லிப்போட்டுப் போனவளோ?" என்று கேட்டார்.

"இல்லையம்மா. ஒண்டும் சொல்லாம எழும்பிப் போயிட்டா."

"அப்ப உண்மையாத்தான் அழுதிருக்கிறாள்." பிறகு சொன்னார்: "வேலி தள்ளினது எனக்குத் தெரியாதே? வேலிக் கதியால் நட்ட அண்டைக்கே தெரியும். அவள் வாயால வரட்டும் எண்டுதான் இருந்தனான்."

"பாட்டில வைக்கலாமோ அம்மா?"

"அழுதது அவள்தானே. அவளைக் கேள்."

எனக்குத் தலை வெடித்தது. "ரெண்டு பேரும் நேர கதையுங்கோவன்! நம்பர் தாறன்!"

"அவளோட எனக்கென்ன கதை?" என்றார் அம்மா. பிறகு, "ஆனா ஒண்டு. என்ர வீட்டை அவள் சாவீடாக்கிப் போட்டுப் போயிட்டாள். திரும்ப வந்து, சொல்லிக்கொண்டு போகச் சொல்லு. நான் உயிரோட இருக்கிறன்."

அடுத்த நாள் காலை, நான் போய்ச் சொன்னதும் அன்ரி வந்தார். இந்தத் தரமும் தெருவால்தான். வெள்ளை எல்லாம் கழற்றி மடித்திருந்தோம். கதிரைகள் திரும்பப் போய்விட்டன. வெறும் ஹோலில் ஒரு மைக் மட்டும் நின்றது. எங்கள் வீட்டில் எத்தனையோ வருடமாக வாயில் தண்ணீர் வைக்காதவர், நான் கொடுத்த தேத்தண்ணியை முழுவதும் குடித்தார். சீனி கூடிப்போச்சு என்றார்.

மைக்கைப் பார்த்தார். "உது இப்பவும் பிடிக்குதோ?"

"ஓம் அன்ரி. நிப்பாட்டவோ?"

கிற்றார்காரன் என்னைப் பார்த்தான். ட்ரம்ஸ்காரன் நிலத்தைப் பார்த்தான்.

"இருக்கட்டும்," என்றார் அன்ரி. எழும்பிச் சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். மைக்குக்குக் கிட்டப் போய், அதன் முகத்தைப் பார்த்து, தெளிவாகச் சொன்னார்:

"சரியடி. நான் போயிட்டு வாறன்."

அந்த அறையின் எதிரொலி அதை ஒரு தரம் திருப்பிச் சொன்னது. அதோடு எங்கள் மூன்றாவது அல்பம் முடிகிறது. கிற்றார்காரன் கிற்றாரை விற்கவில்லை.

அல்பம் வந்த பிறகும் அவர்கள் இருவரும் ஒரு தரம்கூடப் போனில் பேசவில்லை. நான் இரண்டு பக்கமும் கேட்டுப் பார்த்துவிட்டேன், இரண்டு பக்கமும் ஒரே பதில்தான்: அவளோடு எனக்கென்ன கதை. வேலியும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இது கோபமா, கோபம் தீர்ந்த பிறகு வருகிற வேறு ஏதாவதா என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. ஆனால் தம்பி ஒரு விசயம் சொன்னான். அம்மா காலையில் சமைக்கும்போது அந்தக் கடைசிப் பாட்டைப் போட்டுவிடுவாராம். அழுகை வரும்போது ஒன்றும் சொல்லாமல் வெங்காயம் அரிந்துகொண்டிருப்பாராம். கடைசியில் அன்ரி போயிட்டு வாறன் என்றதும், கத்தியை வைத்துவிட்டு, குசினி வாசல் பக்கம் திரும்பி, "ஓம், வா," என்கிறாராம்.